மால்டாவில் ஒரே நாள்: ஹாப்-ஆன் ஹாப்-ஆஃப் பஸ்ஸில் தெற்குப் பக்கத்தைச் சுற்றிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

மால்டாவின் பெரிய தீவு 27 கிலோமீட்டர் நீளம், அதிகபட்சம் 14 கிலோமீட்டர் சொச்சம் அகலம். மேப்பை விரித்துப் பார்த்தால், "இவ்வளவுதானா? காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் மொத்தத்தையும் பார்த்துவிடலாமே" என்று தோன்றும். மால்டாவில் பலருடைய ஒரு நாள் வீணாவது இந்தக் கணக்கால்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மக்கள் நெருக்கம் அதிகமான நாடு இது. சாலைகள் குறுகல், கார்கள் ஏராளம். பத்து கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம் ஆவது இங்கே சாதாரணம்.

அதனால் முதலிலேயே மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே தடம். அந்தத் தடத்தில் மூன்றே இறக்கம். நேரக் கணக்கைக் காலை முதல் பஸ்ஸிலிருந்து முன்னோக்கிப் போடாமல், சாயங்காலக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதுதான். 68 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது கற்றுக்கொண்டவை இதில் நிறைய இருக்கின்றன.

இந்த பஸ் யாருக்கு?

ஹாப்-ஆன் ஹாப்-ஆஃப் என்றால், ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க நிறுத்தங்களில் இறங்கி, பின்னால் வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளும் சுற்றுலா பஸ். கப்பலில் வந்து ஒரே பகலில் கிளம்புகிறவர்களுக்கு, முட்டி வலியுள்ள பெரியவர்களோடு வருபவர்களுக்கு, சின்னக் குழந்தைகள் உள்ளவர்களுக்கு, ஊரின் அமைப்பை முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. இடத்தின் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். மாடியில் உட்கார்ந்தால் மதில்களுக்கு மேலே தலை இருக்கும். தெருவில் நடப்பவர்களுக்குத் தெரியாத தோட்டங்களும், வீடுகளின் மூடிய மரப் பால்கனிகளும் கண்ணுக்கு நேராக வரும்.

நாலைந்து நாள் தங்குகிறீர்களா? அப்படியென்றால் இதை ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டு மற்ற நாட்களில் அரசுப் போக்குவரத்து பஸ்ஸில் போங்கள். ஏழு நாள் அட்டை சுமார் 25 யூரோ. ஹாப்-ஆன் ஹாப்-ஆஃப் பஸ்ஸில் ஒரே ஒரு நாளுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். சாதாரண பஸ்ஸில் ஒரு முறை வாங்கும் டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், அதற்குள் பஸ் மாறிக்கொள்ளலாம். ஆனால் தெற்குக் கரையின் இடங்களுக்கிடையே சாதாரண பஸ்ஸில் நேராகப் போக வசதி குறைவு, திரும்பத் திரும்பத் தலைநகரம் வலெட்டாவுக்கு வந்து மாற வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த ஒரு நாளை நான் தெற்குக்குச் செலவிடச் சொல்கிறேன்.

வடக்கா, தெற்கா?

பொதுவாக இரண்டு தடங்கள். வடக்குத் தடத்துக்கு நீலம், தெற்குத் தடத்துக்குச் சிவப்பு என்று வரைபடத்தில் காட்டுவார்கள். இரண்டும் வலெட்டாவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்லீமா ஊரின் படகுத்துறையருகே தொடங்குகின்றன.

வடக்கில் முக்கியமானவை ம்தீனாவும் மோஸ்டாவும். இடைக்காலத்தில் தீவின் தலைநகரம் ம்தீனா. மதில் சூழ்ந்த சின்ன ஊர், உள்ளே குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். அதற்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள், வெளியே ஒட்டியிருக்கும் ரபாத்தில் பாதாளக் கல்லறைகளையும் பார்ப்பதானால் இன்னும் ஒரு மணி. மோஸ்டாவின் வட்ட வடிவத் தேவாலயத்துக்கு அரை மணி போதும். 1942 ஏப்ரல் 9 அன்று, உள்ளே முந்நூறு பேருக்கு அருகில் கூடியிருந்தபோது, ஜெர்மன் விமானம் போட்ட குண்டு கூரையைத் துளைத்து உள்ளே விழுந்தது. வெடிக்கவில்லை. அந்த மாதிரிக் குண்டு ஒன்றைப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த இரண்டு ஊருக்கும் வலெட்டாவிலிருந்து சாதாரண பஸ்கள் அடிக்கடி இருக்கின்றன. இன்னொரு நாள் சுலபமாகப் போய்விடலாம். ஒரு நாள் மட்டும் கையில் இருப்பவருக்கு என் பதில் தெற்குதான்: மீன்பிடி ஊர், கடல் குகை, ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய கல் கோயில் மூன்றும் ஒரே தடத்தில் வருகின்றன.

முந்தின இரவு

ஒன்று: டிக்கெட் வாங்கும் கம்பெனியின் அன்றைய கால அட்டவணையைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு என்று மாறும். அதில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு வரி: பழைய கல் கோயில் இருக்கும் ஹஜார் இம் நிறுத்தத்திலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அதற்கு முந்தின பஸ் எத்தனை மணிக்கு? அந்த முந்தின பஸ்ஸைத்தான் உங்கள் கடைசி பஸ்ஸாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு: ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே இடங்களில் ஓட்டுகின்றன. ஒருவரிடம் வாங்கிய டிக்கெட் இன்னொருவர் பஸ்ஸில் செல்லாது. டிக்கெட்டில் உள்ள சின்னத்தையும் பஸ்ஸின் முகப்பையும் பார்த்து ஏறுங்கள்.

மூன்று: காற்று. நீலக்குகைப் படகுகள் கடல் அமைதியாக இருந்தால் மட்டுமே போகும். வானிலைச் செயலியில் மழையைப் பார்க்காவிட்டாலும் காற்றைப் பாருங்கள். தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ பலமாக வீசும் என்று போட்டிருந்தால் குகையை மறந்துவிட்டு, அந்த நேரத்தைப் பிர்கு ஊருக்குக் கொடுங்கள்.

நான்கு: பை. தொப்பி, கழுத்துப் பட்டையுள்ள தொப்பியானால் இன்னும் நல்லது, ஏனென்றால் திறந்த மாடியில் சாதாரணத் தொப்பி பறந்துவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கதுதான், கடல்நீரைச் சுத்திகரித்தது கலந்திருப்பதால் ருசி பிடிக்காமல் போகலாம். ரப்பர் அடி உள்ள செருப்போ ஷூவோ. சுண்ணாம்புக் கல் தரை நூற்றாண்டுகளாகத் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்கும். தேவாலயங்களுக்குள் போக நினைத்தால் தோளையும் முட்டியையும் மூடும் துணி. சில்லறையாகப் பத்து யூரோ. போனுக்குச் சார்ஜ் போட அடாப்டர்: இங்கே பிரிட்டிஷ் பாணி மூன்று சதுர முள், சென்னையிலிருந்து கொண்டுபோகும் பின் நுழையாது. இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஜூலை, ஆகஸ்ட் என்றால் ஒரு முறை யோசியுங்கள். 30 டிகிரிக்கு மேல் போகிற வெயில், மரநிழல் மிகக் குறைவு, வெள்ளைக் கல் எல்லாப் பக்கமும் சூட்டைத் திருப்பி அடிக்கும். ஏப்ரல் முதல் ஜூன் முதல் வாரம் வரை, பிறகு செப்டம்பர் கடைசி, அக்டோபர். இதுதான் காலம்.

காலை: ஸ்லீமாவில் முதல் பஸ்

முதல் பஸ் ஒன்பது மணிக்கு என்றால் எட்டே முக்காலுக்கு வரிசையில் நில்லுங்கள். பத்து மணி பஸ்ஸில் மாடியில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

எந்தப் பக்கம் உட்காருவது? தெற்குத் தடம் தீவைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. அதனால் கடல் பெரும்பாலும் இடப்பக்கம் வரும். வண்டிகள் நம்மூர் மாதிரியே சாலையின் இடப்பக்கமாகத்தான் ஓடுகின்றன, 1964 வரை பிரிட்டன் ஆண்ட நாடு. ஆக, மாடியில் இடப்பக்க ஜன்னலோர இருக்கை. அம்மா மாதிரிக் காற்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாடியிலேயே முன்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உள்ள வரிசைகள். ஏறியதும் ஓட்டுநர் கொடுக்கும் இயர்போனை மாட்டி, மொழி எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒலி வரவில்லையென்றால் இருக்கையை மாற்றிப் பாருங்கள், சில துளைகள் பழுதாகியிருக்கும்.

பஸ் முதலில் வலெட்டா வாசலுக்கு வரும். இறங்காதீர்கள். வலெட்டா சாயங்காலத்துக்கு உரியது. அடுத்து துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு மூன்று நகரங்கள் பக்கம் போகும்: பிர்கு, போர்ம்லா, இஸ்லா. 1530இல் வந்த செயிண்ட் ஜான் வீரர்கள் என்ற கிறிஸ்தவப் போர்வீரர் சபையினர் முதலில் குடியேறியது பிர்குவில். 1565இல் ஒட்டோமன் படை தீவை முற்றுகையிட்டபோது தாங்கி நின்றதும் இந்தக் கரைதான். முற்றுகை முடிந்தபின் 1566இல் எதிர்க்கரையில் கட்டத் தொடங்கிய புது நகரத்துக்குத் தங்கள் தலைவர் லா வலெட்டின் பெயரையே வைத்தார்கள். காற்று அடிக்கிற நாளாக இருந்தால் இங்கே இறங்கிக் கோட்டைச் சந்துகளில் ஒரு மணி நேரம் நடக்கலாம். இல்லையென்றால் மாடியிலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம்.

அடுத்து பஸ் போலா, தார்ஷீன் பக்கம் போகும். ஹைப்போஜியம் என்ற பாதாளக் கல்லறை இங்கேதான் இருக்கிறது. 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது கிடைத்தது. "இறங்கி ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஓவியம் கெடாமலிருக்க ஒரு மணிக்குப் பத்துப் பேரைத்தான் விடுகிறார்கள். வாரக்கணக்கில், சில காலங்களில் மாதக்கணக்கில் முன்னதாகவே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லையென்றால் நகருங்கள்.

முதல் இறக்கம்: மார்சாஷ்லொக்

எழுத்தில் எக்ஸ் போட்டிருக்கும், வாயில் "ஷ்". மால்டா மொழியில் எக்ஸ் எங்கே வந்தாலும் அப்படித்தான். மார்சா என்றால் துறைமுகம், ஷ்லொக் என்றால் தென்கிழக்கு. அரபு வழி வந்து, ரோமன் எழுத்தில் எழுதப்படும் மொழி இது.

இங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள். கரை முழுக்க லுட்ஸு என்கிற மரப்படகுகள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாக வண்ணம், முன்பக்கம் இரண்டு கண்கள். எட்ட நின்று படமெடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள், படித்துறையில் கட்டியிருக்கும் ஒரு படகின் அருகே குனிந்து பாருங்கள். அந்தக் கண் வெறும் வண்ணத் தீட்டல் இல்லை. பல படகுகளில் மரத்தில் செதுக்கி ஒட்டியிருப்பார்கள். மேலே வளைந்த புருவம், நடுவில் கருவிழி, வருஷா வருஷம் பூசிய வண்ணம் அடுக்கடுக்காகத் தடித்து ஓரம் உரிந்திருக்கும். கடலில் போகிறவரைக் காக்கும் கண் என்று நம்பிக்கை. பழங்காலக் கடலோடிகளான பினீசியர் காலத்து வழக்கம் என்பார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "திருஷ்டி படாம இருக்கத்தானே?" என்றாள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னேன். அவர் தலையாட்டிச் சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு படகிலும் அம்மா கண்ணைத்தான் முதலில் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமையில் கரை நீளத்துக்கும் மீன் சந்தை. வாளைப் போல நீண்டவை, ஆக்டோபஸ், சிவந்த இறால் எல்லாம் பனிக்கட்டியில் பரப்பியிருப்பார்கள். சந்தை பார்க்க ஆசையென்றால் ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் நடக்க இடமிருக்காது, பஸ்ஸும் ஊருக்குள் ஊர்ந்துதான் வரும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு வார நாள்தான் சரி. அப்போது மேசை விரிப்பு, தேன், கேப்பர் ஊறுகாய் விற்கும் கடைகள்தான் இருக்கும், ஆனால் படகுகளை நிதானமாகப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் வரை லம்பூக்கி மீன் காலம். அதைப் பிடிக்கும் முறை அழகானது. பனையோலையை மிதவையில் கட்டிக் கடலில் விடுவார்கள். வெயிலுக்கு அந்த நிழலில் மீன்கள் வந்து ஒதுங்கும், சுற்றி வலை போடுவார்கள். அந்த மாதங்களில் போனால் உணவகத்தில் அதையே கேளுங்கள். ஆனால் இந்த இறக்கத்தில் சாப்பிட உட்காராதீர்கள். கரையோரக் கடையில் மதியச் சாப்பாடு என்றால் ஒன்றரை மணி நேரம் போய்விடும், நீலக்குகையின் வெளிச்சமும் போய்விடும். பசித்தால் பஸ்திட்சி வாங்குங்கள். மொறுமொறுவென்று அடுக்கடுக்கான மேலோடு, உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அல்லது மசித்த பட்டாணி. பட்டாணி வகையில் லேசான மசாலா இருக்கும், நம் நாக்குக்குப் பிடிக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் மாவில் என்ன கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், பழைய முறையில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பதுண்டு.

இரண்டாவது இறக்கம்: நீலக்குகை

பஸ் நிற்கும் இடம் வீட் இஸ்-ஸுர்ரீ என்ற சின்னப் பள்ளத்தாக்கு. இங்கே மதியம் ஒரு மணிக்கு முன் வந்து சேர வேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் மார்சாஷ்லொக்கில் ஒரு மணி நேரத்தோடு நிறுத்தச் சொன்னேன். காலை வெயில் குகைக்குள் சாய்வாகப் பாயும்போது, தரையிலுள்ள வெண்மணலும் பாறையும் அந்த ஒளியை மேலே திருப்பி அனுப்புகின்றன. நீர் அடியிலிருந்து விளக்கேற்றிய மாதிரி நீலமாக எரியும். பிற்பகலில் நிழல் விழுந்தபின் அது சாதாரணக் கடல்.

இறங்கியதும் சரிவில் கீழே போய்ப் படகு டிக்கெட் வாங்குங்கள், ஆளுக்குப் பத்து யூரோ அளவில். எட்டு ஒன்பது பேர் உட்காரும் திறந்த படகு, இருபது நிமிஷப் பயணம். உயிர்காப்புச் சட்டை கொடுப்பார்கள். ஏறும் இடத்தில் படகு ஆடும். ஓட்டுபவர் கை நீட்டுவார், கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். போன் நனையாமல் பையில் இருக்கட்டும். முதல் குகையில் எல்லாரும் கேமராவைத் தூக்குவார்கள், நீங்கள் ஒரு நிமிஷம் கையைத் தண்ணீருக்கு மேல் நீட்டிப் பாருங்கள். உள்ளங்கை நீலமாகத் தெரியும்.

படகு வேண்டாம் என்பவர்கள், முட்டி ஒத்துழைக்காதவர்கள் மேலே பெரிய சாலையோரக் காட்சிமேடையிலிருந்து குகையின் வளைவைப் பார்க்கலாம். கடலில் தனியாக நிற்கும் பாறைத் தீவு ஃபில்ஃப்லா. முன்பு பிரிட்டிஷ் கடற்படை பீரங்கிப் பயிற்சிக்கு அதைக் குறிவைத்தது. இப்போது பறவைகளுக்கும் பல்லிகளுக்குமான காப்பிடம், சுற்றுலாப் பயணிகள் இறங்கக் கூடாது.

மதியச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் இரண்டு மூன்று உணவகங்கள். அவசரமென்றால் ஃப்டீரா என்கிற தட்டை ரொட்டிக்குள் தக்காளி, சூரை மீன், ஆலிவ் வைத்துத் தருவார்கள், அதைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். கின்னி என்று ஒரு கசப்பு ஆரஞ்சு குளிர்பானம் உண்டு, 1952இலிருந்து இந்தத் தீவில் செய்கிறார்கள். முதல் வாய்க்கு மருந்து மாதிரி இருக்கும், வெயிலில் இரண்டாவது வாய்க்கு நன்றாக இருக்கும்.

மூன்றாவது இறக்கம்: ஹஜார் இம், ம்னைட்ரா

நீலக்குகையிலிருந்து ஹஜார் இம் ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஏற்றம். இளவயதுக்காரர்கள் வெயில் இல்லாத மாதங்களில் நடந்து போகலாம், இருபத்தைந்து நிமிஷம். மற்றவர்கள் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள்.

இந்த நாளின் உச்சம் இதுதான், அதனால் அதிக நேரம் இதற்கு: குறைந்தது ஒன்றே முக்கால் மணி. டிக்கெட் பத்து யூரோ அளவில், இரண்டு கோயில்களுக்கும் சேர்த்து. முதலில் சின்ன அருங்காட்சியகம். அதைத் தாவிவிட்டு நேரே கல்லைப் பார்க்க ஓடாதீர்கள். பாறையை எப்படி உருட்டினார்கள், எப்படி நிமிர்த்தினார்கள் என்று மாதிரி வைத்து விளக்கியிருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டுப் போனால் வெளியே நிற்பது வெறும் கற்குவியலாகத் தெரியாது.

கோயில்கள் கி.மு. 3600க்கும் 3200க்கும் இடையே கட்டியவை. எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையவை. இரும்பும் செம்பும் இல்லாத காலம், கல்லையும் கொம்பையும் கொண்டே செதுக்கினார்கள். ஹஜார் இம்மின் வெளிச்சுவரில் ஒரு கல் சுமார் 20 டன் எடை. அதன் பக்கத்தில் உங்கள் வீட்டு ஆளை நிறுத்திப் பாருங்கள், அளவு அப்போதுதான் புரியும். மேலே பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். 2009இல் போட்டது. படத்துக்கு இடைஞ்சல் என்று பலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கூடாரத்தின் மேல் மரியாதைதான். ஹஜார் இம்மின் கல் மிருதுவான சுண்ணாம்புக் கல், மழையிலும் உப்புக் காற்றிலும் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. கூடாரம் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். நிழலும் கிடைக்கிறது.

உள்ளே நுழைந்ததும் வாசற்கற்களில் புள்ளி புள்ளியாகக் குடைந்த அலங்காரத்தைத் தேடுங்கள். ஆயிரக்கணக்கான சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. தொடக் கூடாது. கண்ணை அருகே கொண்டுபோய்ச் சாய்வாகப் பார்த்தால் குழிக்குழி நிழல் தெரியும். ஒருவர் உட்கார்ந்து, எத்தனையோ நாள் ஒரே கல்லைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

ம்னைட்ரா இன்னும் அரைக் கிலோமீட்டர் கீழே, கடலை நோக்கி இறங்கும் பாதை. திரும்ப வரும்போது அதே தூரம் ஏற்றம் என்பதைக் கணக்கில் வையுங்கள். பெரியவர்களுக்குச் சில சமயம் சிறு வண்டி ஓட்டுவார்கள், டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். இதன் தெற்குக் கோயில் சூரியனைக் கணக்கிட்டுக் கட்டியது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாளில், உதிக்கும் சூரியனின் ஒளி வாசல் வழியே நேராக உள்ளே போய் நடு அச்சில் விழும். பார்த்துவிட்டு உங்கள் சில்லறையை எடுத்துப் பாருங்கள். மால்டா வெளியிட்ட ஒரு சென்ட், இரண்டு சென்ட், ஐந்து சென்ட் காசுகளில் இருப்பது இந்த ம்னைட்ராதான். காலையில் தண்ணீர் வாங்கி மிச்சம் வந்த ஐந்து சென்ட்டை அம்மா அந்தக் கல் வாசலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பொருத்திப் பார்த்தாள்.

திரும்பும் பஸ்

முந்தின பஸ்ஸைக் கடைசி பஸ்ஸாக நினைக்கச் சொன்னேன் அல்லவா. காரணம் இது. நாங்கள் கடைசிக்கு முந்தின பஸ்ஸை "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்று விட்டோம். கடைசி பஸ் வந்தது, நிறைந்து வந்தது. இந்த பஸ்களில் நின்றுகொண்டு போக விடுவதில்லை. ஓட்டுநர் நான்கு விரலைக் காட்டினார், நான்கு இடம். நிறுத்தத்தில் பதினொரு பேர். நாங்கள் வரிசையில் ஏழாவது, எட்டாவது. அம்மா நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். போன் செய்தால் எடுக்க ஆளில்லை.

அப்படி மாட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். அதே சாலையில் 74 எண் அரசு பஸ் வலெட்டாவுக்குப் போகிறது. ஏறும்போது ஓட்டுநரிடமே டிக்கெட் வாங்கலாம், அட்டையைத் தட்டியும் கொடுக்கலாம். அடிக்கடி வராது, ஆனால் வரும். கை காட்டினால்தான் நிற்கும், சும்மா நின்றுகொண்டிருந்தால் போய்விடும். எங்களை ஏற்றிக்கொண்ட ஓட்டுநர் மலையாளி. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அம்மே, பதுக்கெ" (அம்மா, மெதுவாக) என்று சொல்லி, அம்மா உட்காரும் வரை வண்டியை எடுக்கவில்லை. மார்சாஷ்லொக்கில் மாட்டிக்கொண்டால் 81 அல்லது 85. பிர்குவிலிருந்து 2. இந்த எண்களை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கை ஒருமுறை வரிசையாகப் போட்டால்: ஒன்பது மணி பஸ், மார்சாஷ்லொக் பத்தே கால் வாக்கில், ஒரு மணி நேரம். நீலக்குகை பன்னிரண்டுக்குள். படகும் சாப்பாடும் முடிந்து ஒன்றரைக்கு ஹஜார் இம். மூன்றே காலுக்குத் திரும்பும் பஸ். எங்காவது அரை மணி பிந்தினால் சாப்பாட்டில் குறையுங்கள், கோயிலில் குறைக்காதீர்கள்.

சாயங்காலம்: வலெட்டா

நாலரை மணிவாக்கில் ஸ்லீமா வந்துவிடலாம். அங்கிருந்து எதிர்க்கரை வலெட்டாவுக்குப் படகு, பத்து நிமிஷம்கூட ஆகாது, கட்டணம் இரண்டு யூரோ அளவில். மதில்களும் கோபுரமும் தண்ணீரிலிருந்து எழும்பி நிற்பதைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் படகு இறக்கிவிடும் பக்கத்திலிருந்து ஊருக்குள் போகச் செங்குத்தான ஏற்றம், படிகள். பாராக்கா லிஃப்ட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது நகரத்தின் மறுபுறம், பெரிய துறைமுகப் பக்கம். அதனால் முட்டிவலிக்காரர்களை ஸ்லீமாவிலிருந்து சாதாரண பஸ்ஸில் கூட்டிப் போங்கள். டிரைட்டன் நீரூற்று அருகே இறக்கிவிடும். அங்கிருந்து நகர வாசல் வழியாகச் சமதரையிலேயே மேல் பாராக்கா தோட்டம் வரை நடந்துவிடலாம்.

செயிண்ட் ஜான் பேராலயத்தை இந்த நேரத்தில் எதிர்பார்க்க வேண்டாம், பார்வை நேரம் முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்கவே விடுவதில்லை. இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1608இல் வரைந்த, அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அங்கே இருக்கிறது. இன்னொரு காலை இருந்தால் அதற்கென்றே ஒதுக்குங்கள்.

சாயங்காலத்துக்கு இந்த "மேல் பாராக்கா" தோட்டம் போதும். கீழே வரிசையாகப் பீரங்கிகள், தினமும் பகல் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் சுடுவார்கள், அதைத் தவறவிட்டிருப்பீர்கள். பரவாயில்லை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது, துறைமுகத்தின் எதிர்க்கரையில் காலையில் பஸ்ஸில் கடந்துபோன மூன்று நகரங்களும் முழுக்கத் தேன் நிறமாகும். வளைவுகளுக்குக் கீழே வலப்பக்க ஓரத்தில் கூட்டம் குறைவு, உட்காரத் திண்ணை உண்டு. அரை மணி நேரம் அப்படியே இருங்கள்.

திரும்பும்போது படகின் கடைசி நேரத்தை இறங்கும் துறையிலேயே பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். தவறினால் டிரைட்டன் நீரூற்றைச் சுற்றியுள்ள பஸ் நிலையத்திலிருந்து 13ஆம் எண் ஸ்லீமா வழியாகப் போகிறது, இரவு நேரம் வரை உண்டு.